மூன்று வாரத்தில் வெளுத்த என் முகம்: சுங்கை சிப்புட் வட்டாரப் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயது 61. அம்மா பால்மரம் வெட்டியவர். நானோ முப்பது ஆண்டுகள் பள்ளித் திடலில் தொப்பிகூட இல்லாமல் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுத்தவள். என் கன்னங்களிலும் புறங்கைகளிலும் பழுப்புப் புள்ளிகளும் கண்ணோரத்தில் ஆழ்ந்த சுருக்கங்களும் விழுந்திருந்ததை நான் பெரிதாக நினைத்ததில்லை. சென்ற ஆண்டு, புருவம் திருத்திக்கொள்வதற்காகக் கடைவீதியிலுள்ள ஓர் அழகு நிலையத்துக்குப் போனபோதுதான், அதன் உரிமையாளர் விளக்குப் பொருத்திய ஒரு கண்ணாடியை என் முகத்தருகே பிடித்து, "டீச்சர், உங்களுக்கு அறுபது வயதென்றாலும் உங்கள் தோலுக்கு எழுபத்தைந்து வயதாகிவிட்டது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் 1,480 ரிங்கிட் கொடுத்தேன்.

அந்தத் தொகைக்கு எனக்குக் கிடைத்தவை நான்கு முறை முக சிகிச்சை, ஒரு சோப்பு, பகலில் பூச ஒரு டப்பா, இரவில் பூச ஒரு டப்பா. இரவு கிரீம் இருந்த வெள்ளை டப்பாவில் கடையின் பெயர் அச்சிட்ட ஒட்டுத்தாள் மட்டுமே இருந்தது. தயாரிப்பாளர் யார், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கின்றன, எந்த நாளில் காலாவதியாகும் என்ற எதுவுமே இல்லை. கேட்டதற்கு, மூலிகைகளைக் கொண்டு தாமே கலந்து செய்வதாகவும் அதன் பக்குவம் தொழில் ரகசியம் என்றும் சொன்னார். என் தாய்மொழியில், "அக்கா, அம்மா" என்று உரிமையோடு பேசும் ஒருவர் எனக்குக் கெடுதல் செய்யமாட்டார் என்று நம்பினேன்.

மூன்றே வாரத்தில் முகம் வெளுத்தது. புள்ளிகள் மங்கின, சுருக்கங்கள்கூடக் குறைந்தாற்போலத் தெரிந்தன. கோவிலில் பார்த்தவர்கள் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர்களில் இரண்டு பேரை நானே அந்தக் கடைக்கு அனுப்பினேன். இதை எழுதும்போது என் கை தயங்குவது அதற்காகத்தான்.

மூன்றாவது மாதத்தில் அடுப்படியில் நின்றாலே முகம் எரியத் தொடங்கியது. கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள் தெரிந்தன; வாயைச் சுற்றிச் சிறு கொப்புளங்கள் கிளம்பின. பயந்து கிரீமை நிறுத்திய நான்காம் நாள் முகம் வீங்கிச் சிவந்தது. கடைக்கு ஓடினேன். "உள்ளே இருக்கும் நஞ்சு வெளியேறுகிறது, பாதியில் நிறுத்தியது உங்கள் தவறு" என்று சொல்லி, மேலும் 320 ரிங்கிட்டுக்கு இன்னொரு டப்பாவைக் கொடுத்தார்கள். அதைப் பூசிய இரண்டு நாளில் சிவப்பு அடங்கியதால், அவர்கள் சொன்னதே உண்மை என்று நினைத்துவிட்டேன்.

சிவப்பு அப்படி அடங்கியதே கிரீமில் ஸ்டீராய்டு இருப்பதற்கு அடையாளம் என்று அரசாங்க கிளினிக்கில் என்னைப் பார்த்த மருத்துவர் விளக்கினார். பூசினால் அடங்குவதும் நிறுத்தினால் பொங்குவதும், வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும் மருந்தான ஸ்டீராய்டு கலந்த கிரீமின் இயல்பு. அது தோலை மெலியச் செய்து, அடியிலுள்ள இரத்தக் குழாய்களை வெளியே தெரியவைக்கும். இத்தகைய பெயரற்ற கிரீம்களில் ஸ்டீராய்டோடு, தோலை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோன், சுருக்கத்துக்கான மருந்தாகிய டிரெட்டினாயின், பாதரசம் ஆகியவையும் கலக்கப்படுவதுண்டு என்று சொல்லி, என் சிறுநீரையும் இரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். பாதரசம் நிறமி உருவாவதைத் தடுப்பதால் முகம் விரைவில் வெளுக்கும். ஆனால் அது தோல் வழியாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கும். பூசியவரின் தலையணை, துண்டு வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது போகும் என்று அவர் சொன்னபோது, இரவுதோறும் என் கன்னத்தில் கன்னம் வைத்துத் தூங்கும் மூன்று வயதுப் பேத்தியைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. பத்து நாள் கழித்து, என் சிறுநீரகத்துக்குக் கெடுதல் எதுவும் இல்லை என்று முடிவு வந்த பிறகுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். முகம் தேற ஐந்து மாதம் ஆயிற்று. சிவப்பு நரம்புகள் இன்னும் மறையவில்லை.

நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தக் கிரீமுக்கு அறிவிப்பு எண் இருக்கிறதா? மலேசியாவில் விற்கப்படும் ஒவ்வோர் அழகுப்பொருளும் சுகாதார அமைச்சின்கீழ் இயங்கும் என்.பி.ஆர்.ஏ. என்னும் மருந்தக ஒழுங்குமுறை முகமையிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அறிவிப்பு எண் 'என்.ஓ.டி.' (NOT) என்ற எழுத்துகளில் தொடங்கி 'கே' (K) என்ற எழுத்தில் முடியும். முகமையின் இணையத்தளத்தில் அதை எவரும் சரிபார்க்கலாம். தடைசெய்யப்பட்ட பொருள் கண்டுபிடிக்கப்பட்டு அறிவிப்பு ரத்தான கிரீம்களும் உண்டு என்பதால், டப்பாவில் எண்ணைப் பார்த்ததோடு நின்றுவிடக்கூடாது. 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளை மீறும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

டிரெட்டினாயின் கெட்ட மருந்தன்று என்பதையும் சொல்ல வேண்டும். சுருக்கங்களையும் புள்ளிகளையும் உண்மையாகவே குறைக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதை மருத்துவர் எழுதிக்கொடுக்க, இரவில் பட்டாணியளவு மட்டும் பூசி, பலன் தெரியப் பல மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும், கர்ப்பிணிகள் பூசக்கூடாது. மூன்று வாரத்தில் முகத்தை மாற்றுவதாகச் சொல்லும் எதையும் நான் இனி நம்பமாட்டேன்.

ஈப்போவில் பின்னர் என்னைப் பார்த்த தோல் மருத்துவர், என் புள்ளிகள் வயதால் வந்தவையல்ல, திடலில் பட்ட வெயிலால் வந்தவை என்றார். சுருக்கத்துக்குப் பெரிதும் காரணமான புற ஊதா 'ஏ' கதிர் மேகத்தையும் கண்ணாடியையும் ஊடுருவும் என்பதால், மப்பும் மந்தாரமுமான நாளிலும் பாதுகாப்பு வேண்டும். ஆஸ்திரேலியாவில் 4½ ஆண்டுகள் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், வெயிலைத் தடுக்கும் சன்ஸ்கிரீன் கிரீமை நாள்தோறும் பூசியவர்களின் தோலில், விருப்பப்படி பூசியவர்களைவிட 24 விழுக்காடு குறைவாகவே முதுமை தெரிந்தது. இப்போது எஸ்.பி.எஃப். என்னும் வெயில் தடுப்பு அளவு 50 உள்ள சன்ஸ்கிரீன் ஒன்றை, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசுகிறேன். வெளியே நின்றால் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மீண்டும் பூசுகிறேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் அக்காவுக்கு அகன்ற தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு புள்ளி திடீரென வடிவம் மாறினாலோ, நிறம் கலந்து தெரிந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, அதன்மேல் எந்தக் கிரீமையும் பூசாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் அந்த மருத்துவர் அழுத்திச் சொன்னார்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். ரசீதில் "முக சிகிச்சை" என்று மட்டும் எழுதியிருந்ததால், கிரீம் விற்றதையே இல்லை என்கிறார். மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுத்து, இரண்டு டப்பாக்களையும் ஒப்படைத்தேன். ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திலும் மனுச் செய்திருக்கிறேன். நான் அனுப்பிவைத்த இருவரின் வீட்டுக்கும் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் அன்றே கிளினிக்குக்கு வந்தார். மற்றவர் இன்னும் பூசிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டில் அத்தகைய வெள்ளை டப்பா இருந்தால் குப்பையில் வீசிவிடாதீர்கள். இறுக மூடி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, ரசீதோடு கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள். தனியாக வரத் தயங்குபவர்களோடு நான் வருகிறேன்.