மாச்சு பிச்சு ஆர்க்கிட் நடை: வகாங்கியை நேரில் பார்த்தேன்

பெருவில், மாச்சு பிச்சு மலையடிவாரத்தில் வழிகாட்டியோடு போகும் ஆர்க்கிட் நடையில் அரை நாள் சேர்ந்துகொண்டேன். போனது ஒரே பூவுக்காக: மாஸ்டெவாலியா வெய்ச்சியானா. ஆண்டிஸ் மலை மக்களின் கெச்சுவா மொழியில் வகாங்கி, அதாவது ‘நீ அழுவாய்’. 1868-ல் ஜெர்மன் தாவரவியலாளர் ரைகன்பாக் விவரித்துப் பெயரிட்ட இனம்.

பாறை இடுக்கில், புல்லுக்கு நடுவே பளீரென்று ஆரஞ்சு நிறம். வழிகாட்டி அவசரப்படவே இல்லை. முதலில் இலையைப் பார்க்கச் சொன்னார்: தடித்த இலை, அடியில், பல ஆர்க்கிட்களில் நீரைச் சேமிக்கும் குமிழ்த்தண்டு கிடையாது. அப்புறம்தான் பூ. நாம் இதழ் என்று நினைப்பவை மூன்று புல்லிகள் (மொட்டை மூடியிருக்கும் வெளியடுக்கு), நுனி வாலாக நீள்கிறது. உண்மையான இதழ்களும் உதடும் (வடிவம் மாறிய ஓர் இதழ்) நடுவில் மிகச் சிறிதாக ஒளிந்திருக்கின்றன. லென்ஸ் வைத்தால் ஆரஞ்சின் மேல் ஊதா நுண்மயிர்கள்! தலையைச் சற்றுச் சாய்த்தேன், நிறமே மாறியது. அந்த ஊதாப் பளபளப்பைப் பார்த்தபின் இதை வேறு பூவென்று நினைக்க வழியில்லை. அழவில்லை, ஆனால் தொண்டை அடைத்தது.

குறை என்றால், எட்டுப் பேருக்கு ஒரே லென்ஸ். காத்திருந்தே பாதி நேரம் போனது. போகிறவர்கள் சொந்தமாக ஒன்று எடுத்துப் போங்கள், பத்து மடங்கு போதும்.