உரக்கடை ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம்: கார், பிசானம் இரண்டும் பார்த்த பிறகு

அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கும் எங்கள் உரக்கடையின் வாட்ஸ்அப் எண்ணில், கார் நெல் பருவம் தொடங்கியதிலிருந்து ஏஐ ஏஜென்ட்தான் முதல் பதில் சொல்கிறது. இப்போது அடுத்த பருவமான பிசானமும் அதோடுதான் ஓடுகிறது. தமிழ் அதற்கு நன்றாகவே வருகிறது. தடுமாறியதெல்லாம் டூல்களில்தான், அதாவது ஆர்டர் பதிவு, இருப்பு பார்ப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் அது கூப்பிடும் சின்னச் சின்ன நிரல்களில். டூலுக்குள் இருக்கும் நிரல், ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலின் கண்ணுக்குத் தெரியாது. பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல், அவ்வளவுதான் தெரியும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி (டூல்களை மாடலோடு இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக இணைத்தாலும் கதை இதுதான். எங்களுக்கு மென்பொருள் செய்து தந்தவர்கள் டூலுக்கு ஒரு வரி வீதம் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒன்றுக்கு "ஆர்டர் பதிவு செய்யும்", இன்னொன்றுக்கு "பில் பதிவு செய்யும்". கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, யூரியா நாலு மூட்டை எடுத்து வைங்க, சாயங்காலம் வாரேன்" என்று அனுப்பினார். ஏஜென்ட் பில் டூலைக் கூப்பிட்டு, விற்பனை முடிந்தது என்று பதில் போட்டுவிட்டது. மானிய உரத்தை அப்படி விற்க முடியாது. ஆள் நேரில் வந்து, பிஓஎஸ் கருவியில் அடையாளம் சரிபார்த்த பிறகுதான் மூட்டை வெளியே போகும். சாயங்காலம் வந்தவருக்கு அதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போது அந்த ஆர்டர் டூலின் விளக்கம், தமிழில் சொன்னால், இப்படி இருக்கிறது: "வாடிக்கையாளர் பெயரில் மூட்டையை ஒதுக்கி வைக்க மட்டும். இது விற்பனை அல்ல, பணம் வாங்காது. 'எடுத்து வைங்க', 'போட்டு வைங்க' என்றால் இது. 'இருக்கா?' என்று மட்டும் கேட்டால் இதைக் கூப்பிடாதே, இருப்பு பார்க்கும் டூலைக் கூப்பிடு." பில் டூலை ஏஜென்ட்டிடமிருந்தே பிடுங்கிவிட்டோம். செய்யக்கூடாத வேலைக்கு டூலையும் கொடுத்துவிட்டு, செய்யாதே என்று விளக்கத்தில் கெஞ்சுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு டூல் என்ன செய்யும் என்பதை மாடல் பெயரை வைத்தே பாதி ஊகித்துவிடுகிறது. எப்போது கூப்பிடக்கூடாது, வரும் எண்ணுக்கு என்ன பொருள், இந்த இரண்டையும்தான் அதனால் ஊகிக்க முடியவில்லை. அணை நீர்மட்டம் பார்க்கும் டூல் வெறுமனே 110 என்று எண்ணைத் தரும். அடியா, சதவீதமா? "கன்னடியன்ல தண்ணி விட்டாச்சா?" என்று ஒருவர் கேட்டதற்கு, 110-ஐச் சதவீதமாக எடுத்துக்கொண்டு, அணை நிரம்பி வழிகிறது, கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அது தைரியமாகச் சொன்னது. பாபநாசம் அணையின் முழு மட்டமே 143 அடி. இப்போது விளக்கத்தில் நான்கு சேதி இருக்கிறது: எண் அடியில் வரும், முழு மட்டம் 143, இது காலையில் எடுத்த அளவு, கால்வாய் திறப்பைப் பற்றி இதற்கு எதுவும் தெரியாது. (இணையத்தில் தேடும் டூலுக்கு, தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் வேறு ஊர் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது.)

"அளவு" என்ற உள்ளீட்டின் பெயரை "மூட்டை எண்ணிக்கை" என்று மாற்றினோம். நீளமான விளக்கம் செய்யாததை இது செய்தது. யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி மூட்டை 50 கிலோ. நூறு கிலோ யூரியா என்றால் முன்பு யோசிக்காமல் இரண்டு மூட்டை போடும். இப்போது, ரெண்டா மூணா என்று திருப்பிக் கேட்கிறது. விதை ரகத்துக்கும் இதே கதைதான். அம்பை 16, ஏஎஸ்டி 16 இரண்டும் ஒரே நெல் என்று பட்டியலாகக் கொடுத்த பிறகு குழப்பம் இல்லை.

விளக்கங்களை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறோம், வாடிக்கையாளர் வாயில் வரும் சொற்கள் மட்டும் தமிழில். பெரும்பாலான மாடல்களில் தமிழ் எழுத்துக்கு டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு, கட்டணக் கணக்கும் அதில்தான்) அதிகம் செலவாகும், விளக்கம் ஒவ்வொரு உரையாடலிலும் கூடவே போகும், காசு நம்முடையது. அப்புறம், பழைய மாடலை அடக்க அங்கங்கே "கட்டாயம்", "ஒருபோதும்" என்று போட்டு வைத்திருந்தோம். புது மாடலுக்கு மாறியதும் அது அந்த வரிகளுக்கு அளவுக்கு மீறிப் பயந்து, இருப்பு பார்க்கக்கூட அனுமதி கேட்க ஆரம்பித்தது. அந்தச் சொற்களை எடுத்துவிட்டு, எதற்காக வேண்டாம் என்று காரணத்தை எழுதியதும் சரியானது.

இன்னும் சரிவராத ஒன்று, கோட்டைக் கணக்கு. கோட்டை என்பது வயலுக்கு இங்கே சொல்லும் பழைய அளவு. "ரெண்டு கோட்டை வயலுக்கு எவ்வளவு உரம்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். ஏக்கருக்கு மாற்றச் சொல்லி விளக்கம் எழுதிப் பார்த்தோம், அது சொன்ன கணக்கை எங்கள் கடைப் பையனே ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதைக்கு, கோட்டை என்ற சொல் வந்தால் ஏக்கரில் எவ்வளவு என்று கேள், தெரியாது என்றால் கடைக்கு ஃபோன் பண்ணச் சொல் என்று எழுதி வைத்திருக்கிறோம். ஃபோன் நிறையவே வருகிறது.