எந்த லெட்சுமி?

இந்த முறை ஊரில் மூன்று கிழமை நின்றேன். கட்டுநாயக்கவில் இறங்கி, கித்துல்கல வழியாக மேலே ஏறி, கினிகத்தேனை தாண்டும்போதே காது அடைத்துவிட்டது. ஹட்டனில் வழக்கம்போல மழை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அத்தை வீடு. அப்பாவுக்கு மூத்தவர், முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். போய்ச் சேர்ந்த மறுநாளே, "வயித்துல என்னமோ கல்லு கெடக்குற மாதிரி இருக்கு பாப்பா. டாக்டரு ஸ்கேன் எடுக்கச் சொல்லித் துண்டு குடுத்திருக்காரு" என்றார்.

நான் இங்கிலாந்தில் ரேடியோகிராபர். பதினாறு வருஷமாக எக்ஸ்ரேயும் சீடி ஸ்கேனும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதனால் இதை வெளிநாட்டுக்காரியின் குறை என்றும் எடுத்துக்கொள்ளலாம், தொழில்காரியின் வயிற்றெரிச்சல் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்க ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். நான் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று காசு கட்டி ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்துக்குப் போனோம். பேர் வேண்டாம். இடம் சுத்தமாகத்தான் இருந்தது, மெஷினும் நல்ல மெஷின்தான்.

பத்தரை மணி போல "லெட்சுமி" என்று கூப்பிட்டார்கள். அத்தை எழுந்தார். எதிர் பெஞ்சில் மப்ளர் கட்டியிருந்த இன்னொரு அம்மாவும் எழுந்தார். அத்தைக்கு வயிற்றில் சீடி ஸ்கேன், அந்த அம்மாவுக்குத் தலையில். உதவியாளப் பையன் கதவுக்குக் கிட்ட நின்றவரையே உள்ளே கூட்டிப் போகப் பார்த்தான். "எந்த லெட்சுமி தம்பி?" என்று கேட்டேன். அப்போதுதான் கையிலிருந்த துண்டைத் திரும்பிப் பார்த்தான்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பேர், பிறந்த தேதி, விலாசம் மூன்றையும் நோயாளியின் வாயாலேயே சொல்ல வைப்போம். "நீங்க லெட்சுமிதானே?" என்று கேட்கவே கூடாது. பயத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். ஆனால் அந்த முறையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைக்க முடியாது என்பதும் அன்றைக்கு உறைத்தது. பிறந்த தேதி கேட்டால் அத்தை சிரிப்பார். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது, கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். தோட்டம், டிவிசன், புருஷன் பேர் என்று கேட்டிருந்தால் இரண்டு லெட்சுமிகளும் அரை நிமிஷத்தில் பிரிந்திருப்பார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

அடுத்தது பாரம். கவுண்டரில் இருந்த பிள்ளை இரண்டு பக்கத் தாளையும் மைப்பெட்டியையும் சேர்த்தே அத்தை பக்கம் தள்ளியது. எழுதத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலையையும் காலையும் பார்த்தே முடிவு பண்ணியாயிற்று. "நா கையெழுத்துப் போடுவேன்" என்றார் அத்தை, யாருக்கும் கேட்காத குரலில்.

தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் ஆங்கிலம். ஆஸ்துமா உண்டா, மருந்து ஒவ்வாமை உண்டா, சிறுநீரக வருத்தம் உண்டா, சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் எடுக்கிறீர்களா என்று வரிசையாக நல்ல கேள்விகள். எல்லாவற்றுக்கும் எதிரே நீலப் பேனாவில் 'இல்லை' என்று ஏற்கெனவே சரி போட்டிருந்தது.

அத்தையின் வெற்றிலைப் பையில், பேப்பரில் மடித்த மெட்ஃபோர்மின் மாத்திரை இருந்தது. காலையிலும் ஒன்று போட்டிருந்தார்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், சீடிக்கு நரம்பில் ஏற்றும் அயடின் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் பிரச்சினை குறைவு. பலவீனமாக இருந்தால் அந்த மருந்தைக் கொடுப்பதா என்று யோசிக்க வேண்டும், மெட்ஃபோர்மினையும் நிறுத்திவைக்க வேண்டி வரும். எது என்று தெரிய இரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். அத்தைக்கு யாரும் பார்த்திருக்கவில்லை. கதிரும் லேசுப்பட்டதல்ல. கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்போம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1க்கு மேல் போகாது. வயிற்று சீடிக்கு 8, 10 என்று வரும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கும்போதே நமக்குக் கிடைப்பதை வைத்துப் பார்த்தால் மூன்று நான்கு வருஷக் கணக்கு. தேவைக்கு எடுத்தால் தப்பே இல்லை. ஆனால் ஆள் மாறி எடுத்தால் யார் பதில் சொல்வது?

உள்ளே இருந்த ரேடியோகிராபரிடம் நேரே போய்ப் பேசினேன். சண்டை பிடிக்கும் எண்ணத்தோடுதான் போனேன். அவர் பாவம், காலையிலிருந்து ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். "மிஸ், எனக்குத் தமிழ் கொஞ்சந்தான்" என்றார். ஆனால் விஷயம் விளங்கியதும் மறு பேச்சில்லை, இரத்தம் எடுக்க அனுப்பினார். ஒரு மணி நேரம் தாமதம், கிரியேட்டினின் நல்லபடியாக இருந்தது, ஸ்கேன் நடந்தது. கடைசியில் எல்லாம் சரிதானே என்று என் தம்பி கேட்கிறான். கேட்டுத் தெரிந்துகொண்டதால் சரியா, கேட்காமலே அதிர்ஷ்டத்தில் சரியா என்பதுதான் எனக்குக் கணக்கு.

பிரிட்டனில் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கதிர்வீச்சு விதிகள் எங்கள் கழுத்தைப் பிடித்தே வைத்திருக்கின்றன. பரிந்துரைப்பவர், எடுக்கலாம் என்று தீர்மானிப்பவர், எடுப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொறுப்பு. பட்டனை அழுத்தியவர் 'டாக்டர் சொன்னார்' என்று நழுவ முடியாது. 2015இல் மான்ட்கொமரி வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம், விளங்காத தகவலை அள்ளிக் கொட்டுவதாலோ பாரத்தில் கையெழுத்து வாங்குவதாலோ வைத்தியரின் கடமை தீராது என்றது. இலங்கையிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் கதிர் இயந்திரங்களுக்கு அனுமதி வேண்டும். 1987இன் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. ஆனால் அது அரச இடங்களைக் கட்டும் விதி. காசு கட்டிப் போகிற இடத்தில், அத்தைக்கு விளங்கும் மொழியில் கேட்பது அங்கிருப்பவரின் மனசாட்சியைப் பொறுத்ததாகிவிடுகிறது.

அதே கிழமை தம்பி மனைவிக்கு நெஞ்சுச் சளி. அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே. எடுத்தது ஒரு சிங்களப் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும். முதலில் தம்பியை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியது. பிறகு மெதுவாக, "அக்கா, கடைசியா தூரம் எப்ப? புள்ள தங்கியிருக்க வழி இருக்கா?" என்று கேட்டதாம். 'தூரம்' என்ற சொல்லை அந்தப் பிள்ளை எந்த லயத்து அம்மாவிடம் கற்றதோ! தாலிக்கொடியையும் கழற்றச் சொல்லவில்லை. மேலே இழுத்து உதட்டால் கவ்விக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படத்தை எடுத்தது. புதுப் பெண்டாட்டி வீட்டுக்கு வந்து இதைத்தான் இரண்டு தரம் சொன்னாள், சளியைப் பற்றிச் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள், பக்கத்து லயத்தில் ஏ லெவல் படிக்கும் பையனைப் பிடித்து அத்தையின் கிளினிக் கொப்பி அட்டையில் சிங்களத்தில் எழுத வைத்தேன். தோட்டத்தின் பேர், டிவிசன், மாமாவின் பேர். கீழே: 'சீனிக்கு மெட்ஃபோர்மின் எடுக்கிறேன். எழுதத் தெரியும். கையெழுத்துக்கு முதல் தமிழில் சொல்லவும்.' மழைக்கு நனையாமல் அத்தை அதற்குப் பொலித்தீன் உறை போட்டார்.

போன கிழமை போனில் கேட்டேன். "காட்டுனேன் பாப்பா. மிஸ்ஸி வாசிச்சுட்டுச் சிரிச்சாங்க. அப்பறம் கேட்டாங்க."