1984ஆ, ஹங்கர் கேம்ஸா? பசங்கள யோசிக்க வைக்கறது எது

டிஸ்டோபியா கதைன்னாலே, அதாவது கொடுங்கோல் ஆட்சி நடக்கற கற்பனை உலகக் கதைன்னாலே, எல்லாரும் மொதல்ல சிபாரிசு பண்றது ஜார்ஜ் ஆர்வெல்லோட 1984 தான். பெரிய புக்குதான், சந்தேகமே இல்ல. ஆனா 14, 15 வயசுப் பசங்களுக்கு மொதல் புக்கு அதுவா இருக்கணுமான்னு கேட்டா நான் சுசான் காலின்ஸோட ஹங்கர் கேம்ஸ் பக்கம்தான் நிப்பேன்.

அதுல வர்ற சண்டைக் காட்சிக்காக சொல்லல. அதுல டெசரான்னு ஒரு ஏற்பாடு வரும். 12லருந்து 18 வயசு வரைக்கும் எல்லாப் புள்ளைங்க பேரும், சாகற வரைக்கும் மோதிக்கற போட்டிக்கு ஆள் எடுக்கற குலுக்கல்ல இருக்கணும், அது ஏழை பணக்காரன் எல்லாருக்கும் பொது ரூல். ஆனா வீட்ல சாப்பாட்டுக்கு வழியில்லன்னா கூடுதலா பேர் எழுதிக் குடுத்து தானியமும் எண்ணெயும் வாங்கிக்கலாம், அந்தச் சீட்டு வருஷா வருஷம் சேந்துக்கிட்டே போகும், அதனால 16 வயசு கதாநாயகி காட்னிஸ் பேர் 20 தடவ கிடக்கும், அவ ஃப்ரெண்டு கேல் பேர் 42 தடவ, மேயர் பொண்ணுக்கு கூடுதலா ஒரு சீட்டுகூட எழுத வேண்டிய அவசியம் இல்ல. கேல் அந்தப் பொண்ணு மேல எரிஞ்சு விழுவான், ஆனா நாம இப்படி ஒருத்தர ஒருத்தர் வெறுத்துக்கிட்டா லாபம் ஆட்சி பண்ற தலைநகரமான கேப்பிட்டலுக்குத்தான்னு அவனுக்கே தெரியும். இதப் படிக்கற புள்ள, ரூல் ஒண்ணா இருந்தும் ஏன் இல்லாதவங்களே மாட்டறாங்கன்னு கேக்காம இருக்காது, யாரும் பக்கத்துல உக்காந்து விளக்க வேணாம்.

1984ல கதாநாயகன் வின்ஸ்டனுக்கு 39 வயசு. அதுல வர்ற சின்னப் பசங்க யாருன்னு பாத்தா பெத்தவங்களயே போட்டுக் குடுக்கற உளவாளிக் கூட்டம், வின்ஸ்டனோட பக்கத்து வீட்டுக்காரர் பார்சன்ஸ காட்டிக் குடுக்கறது அவரோட 7 வயசு மக. படிக்கற புள்ள யார் கூட நிக்கும்? முடிவும் ஆள அப்படியே நசுக்கிப் போட்டுடும். அதே சமயம் செய்திய எப்படிப் பாக்கணும்னு கத்துக் குடுக்கறதுல இத அடிச்சுக்க ஆளில்ல. சாக்லேட் ரேஷன 20 கிராமா கொறைக்கப் போறதா சொல்லுவாங்க, மறுநாளே 20 கிராமா ஏத்துனதுக்கு ஜனங்க ஊர்வலமாப் போய் நன்றி சொன்னாங்கன்னு செய்தி வரும், எல்லாரும் முழுங்கிடுவாங்க. 17, 18 வயசுல, நியூஸ தானா தேடிப் படிக்க ஆரம்பிக்கும்போது, இந்த ஒரு இடம் போதும்.

தாய்லாந்துல 2014 மே மாசம் ராணுவம் ஆட்சியப் பிடிச்சப்போ ரெண்டுமே தெருவுக்கு வந்துச்சு, சிலர் பொது இடத்துல 1984அ அமைதியா படிச்சு எதிர்ப்பு காட்டினாங்க, சிலர் காட்னிஸ் மாதிரி மூணு விரலத் தூக்கினாங்க. 2020ல மாணவர் போராட்டத்துலயும் 2021ல மியான்மர்லயும் திரும்ப நெறையப் பாத்தது அந்த மூணு விரலத்தான். வயசுப் பசங்க எதக் கையில எடுத்துக்கறாங்கன்னு அதுலயே தெரியுது.

இன்னும் சின்னவங்கன்னா லோயிஸ் லோரியோட தி கிவர் (1993) குடுக்கலாம், ஜோனஸுக்கு கதை ஆரம்பிக்கும்போது 11 வயசுதான். ஹங்கர் கேம்ஸ மட்டும் தயவுசெஞ்சு புக்காவே குடுங்க, படத்துல டெசரா கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும், மனசுல மிஞ்சறது அம்பும் வில்லும்தான்.