இடிக்கச் சொன்ன கட்டடத்துக்கு ஆய்வு பண்ண வந்த டீம் - என் ரிவ்யூ

எங்க தெருமுனைல இருக்கற பழைய படிப்பகத்த இடிச்சே ஆகணும்னு தெருக்காரங்களே கையெழுத்து வாங்கி மனு குடுத்துட்டாங்க. காரணம் பக்கவாட்டு சுவர்ல மேலருந்து கீழ ஓடற விரிசல், பசங்க போற வழி, விழுந்தா யார் பொறுப்புன்னு கேட்டாங்க, அந்த பயத்த நான் தப்பே சொல்ல மாட்டேன். காப்பாத்தணும்னு நின்ன நாங்க நாலஞ்சு பேரும் பாரம்பரியம் பாரம்பரியம்னு பேசினோமே தவிர அந்த கேள்விக்கு பதில் சொல்லல. அப்பதான் பழைய கட்டடங்கள ஆய்வு பண்ற ஒரு சின்ன டீம கூப்பிட்டோம்.

வந்த அன்னிக்கே விரிசலுக்கு குறுக்க மூணு இடத்துல மெல்லிசா கண்ணாடிப் பட்டைய ஒட்டி பக்கத்துல தேதி எழுதினாங்க, சுவர் அசைஞ்சா கண்ணாடி உடைஞ்சிடும். ஒட்டு விட்டுட்டா ஏமாந்துடுவோம்னு ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு நடுவுல இருக்கற இடைவெளிய மாசாமாசம் காலிபர்ல அளந்தாங்க. எல்லாமே தெருவுல நின்னா தெரியற உயரம். மனுல முதல் கையெழுத்து போட்ட பெரியவரே தினம் காலைல வந்து கண்ணாடிய பாப்பாரு. மழைக்காலம் முழுசா போச்சு, ஒண்ணும் உடையல. "அசையவே இல்லையேப்பா"ன்னு அவரே வந்து சொன்னப்ப எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு.

உண்மையான வியாதி வேற. எப்பவோ ரிப்பேர்னு சொல்லி சுண்ணாம்புச் சுவர் மேல சிமென்ட் பூசிட்டாங்க. சுண்ணாம்பு பூச்சு ஈரத்த வெளிய விடும், சிமென்ட் அத உள்ளயே அடைச்சிடும், அப்புறம் உப்பு பூத்து செங்கல்ல அரிக்கும். டீம்ல வந்த ஒரு அம்மா விரல் முட்டியால தட்டினாங்க, டொக்குனு உள்ள வெத்தா சத்தம், ஒரு துண்ட பேத்து காட்டினா செங்கல் மாவு மாதிரி கைல ஒட்டுது.

குறைன்னா ரிப்போர்ட் ரொம்ப லேட், அதுவும் இன்ஜினியருக்கு மட்டும் புரியற பாஷை. கேட்டு வாங்கி ரெண்டு பக்கத்துல சுருக்கி எழுதிதான் வீடு வீடா குடுத்தோம். இன்னொண்ணு, சிமென்ட எடுத்துட்டு திரும்ப பூசற சுண்ணாம்பு காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட இழுத்துதான் இறுகும், ஒவ்வொரு பூச்சுக்கும் காத்திருக்கணும், இத முன்னாடியே சொல்லாததால வேலையே நடக்கலன்னு தெருவுல மறுபடி பேச்சு கிளம்பிடுச்சு.

பூட்டி வெச்சா காப்பாத்த முடியாது, புழக்கத்துல இருக்கணும்னு ரிப்போர்ட்லயே எழுதியிருந்தாங்க, பழைய கட்டடங்கள பாதுகாக்கறதுக்கான சர்வதேச ஆவணமான 1964 வெனிஸ் சாசனமும் சமூகத்துக்கு பயன்பட்டா பாதுகாக்கறது சுலபம்னுதான் சொல்லுதாம். அதனால முன்னறைய சாயந்திரம் பசங்க படிக்க திறந்து விட்டோம். இடிச்சுட்டு அந்த இடத்துல பார்க்கிங் வேணும்னு கேட்டவங்க இன்னும் மாறல, ஆனா விழுந்துடும்னு இப்ப யாரும் சொல்றதில்ல.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். கூப்பிடறதா இருந்தா மழைக்கு முன்னாடியே கூப்பிடுங்க, கண்ணாடி ஒரு மழையாவது பாத்திருக்கணும்.