பதின்ம வயதுப் பிள்ளைக்கு எந்தத் தமிழ் வேதாகமம்? இரண்டு மொழிபெயர்ப்புகள் பற்றிய மதிப்பீடு

பிள்ளையை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சபைச் சடங்கான திடப்படுத்தலுக்கோ, கத்தோலிக்கர் சொல்லும் உறுதிபூசுதலுக்கோ ஆயத்தமாகும் பிள்ளைக்கு வீட்டில் வாங்கிக் கொடுக்கும் முதற்பரிசு பெரும்பாலும் வேதாகமம்தான். அட்டையின் நிறம் பார்ப்பார்கள், எழுத்தின் அளவு பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் தமிழ் எப்படிப்பட்டது என்று பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் திருகோணமலையில் வளரும் பிள்ளைக்கு அதுதான் முக்கியம். வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் இந்துவாகவோ இஸ்லாமியராகவோ இருப்பார். கேள்வி பாடசாலை மதிலோரம் வரும், ரியூஷன் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது வரும். விசுவாசம் இல்லாததால் பிள்ளைகள் வாயடைத்து நிற்பதில்லை. தாங்கள் படித்த வசனத்தின் சொற்கள் தங்களுக்கே விளங்காததால்தான் பல வேளை நிற்கிறார்கள்.

இங்கே பார்ப்பது இரண்டை. ஒன்று, மெதடிஸ்த, அங்கிலிக்கன் மற்றும் பிற சபைகளில் வழங்கும் பழைய திருப்புதல். ஹென்றி பவர் தலைமையிலான குழு செய்த இது 1871இல் முழு வேதாகமமாக வந்தது. மற்றது, கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளியான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படுவது இதுதான்.

1 பேதுரு 3:15ஐ எடுத்துக்கொள்வோம். இளைஞர் கூட்டங்களில் அடிக்கடி பேசப்படும் வசனம் இது. பழைய திருப்புதல், கேட்கிற யாவருக்கும் “சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல” ஆயத்தமாயிருங்கள் என்கிறது. 15 வயதுப் பிள்ளைக்கு ‘உத்தரவு’ என்றால் கட்டளை. அதிபர் போடுவது உத்தரவு, பொலிஸ் போடுவது உத்தரவு. அந்தக் காலத் தமிழில் அது ‘மறுமொழி’ என்று யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால், நண்பனுக்குக் கட்டளையிடச் சொல்லும் வசனமாக அது மாறிவிடும். திருவிவிலியத்தில் இந்த இடத்தில் ‘விடை அளிக்க’ என்று இருக்கிறது. வாசித்த உடனே பொருள் பிடிபடுகிறது.

1 தீமோத்தேயு 4:12, இளமையைக் குறித்து ஒருவரும் உன்னை அசட்டைபண்ணாதபடி நடந்துகொள் என்ற வசனம், இன்னும் சிக்கலானது. பழைய திருப்புதலில் முன்மாதிரியாக இருக்கவேண்டியவை ஆறு: வார்த்தை, நடக்கை, அன்பு, ஆவி, விசுவாசம், கற்பு. திருவிவிலியத்தில் ஐந்துதான், ‘ஆவி’ இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும் பிள்ளை, “ஆர் இதை வெட்டினது?” என்று கேட்கும். கேட்கவேண்டும். யாரும் வெட்டவில்லை. பழைய திருப்புதல் பின்பற்றிய கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் உண்டு. அதைவிடப் பழமையான கையெழுத்துப் பிரதிகளில் இல்லை, 1995இன் குழு அவற்றைப் பின்பற்றியது. இதை ஆசிரியரே முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைக்குத் தன் வேதத்தின் மேல் மதிப்புக் கூடும். மறைத்து வைத்தால் ஒரு நாள் யூரியூபில் வேறு யாரோ சொல்லிக் கேட்டு ஆட்டம் காணும்.

அதே வசனத்தில் ‘கற்பு’ என்ற சொல்லையும் கவனியுங்கள். நம் பேச்சுவழக்கில் அது பெண்பிள்ளைகளின் தலையில் மட்டும் சுமத்தப்பட்ட சொல். பவுல் எழுதியதோ தீமோத்தேயு என்ற ஆணுக்கு. திருவிவிலியத்தின் ‘தூய்மை’ இந்த இடத்தில் மிகப் பொருத்தம், ஆண்பிள்ளைகளும் தலை நிமிர்ந்து கேட்பார்கள்.

இவ்வளவு சொன்னதால் திருவிவிலியமே போதும் என்று எண்ணவேண்டாம். அதற்கும் இடறல்கள் உண்டு. 23ஆம் சங்கீதத்தில் ‘ஆண்டவரே என் ஆயர்’ என்று வருகிறது. ஆயர் என்றால் மேய்ப்பர். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஆயர் என்றால் மறைமாவட்ட ஆயர், அதாவது பிஷப்தான். பழைய திருப்புதலின் ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ இங்கே தெளிவு. மனப்பாடத்துக்கும் அதன் ஓசைதான் துணை. அம்மம்மா சொல்ல, பேரப்பிள்ளை கூடச் சொல்லக்கூடிய வசனங்கள் பெரும்பாலும் அதிலிருந்து வந்தவை.

இரு சபைப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரும்போது பெரிய குழப்பம் ‘நம்பிக்கை’ என்ற சொல்லில் வரும். 1 கொரிந்தியர் 13:13இல் பழைய திருப்புதல் சொல்வது விசுவாசம், நம்பிக்கை, அன்பு. திருவிவிலியம் சொல்வது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. அதாவது ஒருவருக்கு இரண்டாவதாக உள்ள சொல் மற்றவருக்கு முதலாவது. பாடசாலையிலும் கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று இரு பாடங்களாகப் பிரிந்து படித்தவர்கள் அவர்கள். கூட்டம் தொடங்க முன் இந்த மூன்று சோடிச் சொற்களையும் பலகையில் எழுதிவிடுங்கள். ‘எதிர்நோக்கு’ யாருடைய வாயிலும் புழங்காத சொல் என்பது திருவிவிலியத்தின் குறைதான்.

கூட்டத்தில் இரண்டையும் பயன்படுத்தும் முறைக்கு வருவோம். 6 முதல் 8 பேர், 45 நிமிடம். ஒரு வசனத்தை இரண்டிலிருந்தும் சத்தமாக இரு தடவை வாசிக்கவும், வேறுபடும் சொற்களின் கீழ் கோடிடவும் 20 நிமிடம். அடுத்த 15 நிமிடத்தில், வகுப்புத் தோழன் கேட்கும் ஒரு கேள்விக்கு மூன்றே வாக்கியத்தில், வீட்டில் பேசும் தமிழில் மறுமொழி எழுதவேண்டும். ‘இரட்சிக்கப்பட்டேன்’, ‘ஊழியம்’, ‘அபிஷேகம்’ போன்ற சபைச் சொற்களுக்கு இடமில்லை. கடைசி 10 நிமிடம் இருவர் இருவராக ஒருவரை ஒருவர் கேட்கவேண்டும். இது பிழைத்துப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: நடத்துபவர் விளக்கம் சொல்லியே அரை மணித்தியாலத்தைத் தின்றுவிடுவார், எழுத நேரம் இராது.

“பைபிள் வெள்ளைக்காரன்ட புத்தகம்தானே?” என்ற கேள்வி நிச்சயம் வரும். வேதாகமம் எபிரேயத்திலும் அரமேயத்திலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்டது என்பதையும், தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இலேயே தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது என்பதையும் பிள்ளை தெரிந்திருக்கட்டும். மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பேர்சிவலின் வேதாகம மொழிபெயர்ப்பில் யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரும் உழைத்தார், அது 1850இல் அச்சானது. நாவலர் சைவத்தை விட்டு விலகியவர் அல்லர். கோணேசர் கோயிலுக்குப் போகும் நண்பனோடு இதை மரியாதையோடு பேசலாம்.

தனியாக வாசிக்க மாற்கில் தொடங்கவும். 16 அதிகாரம், வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் ஒரு மாதம். மற்ற மூன்று நாளும் ரியூஷனுக்கும் பிந்தியவற்றைப் பிடிப்பதற்கும். ஆதியாகமத்தில் தொடங்குபவர்கள் யாத்திராகமம் 25இல் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்ததும் பெரும்பாலும் மூடிவைத்துவிடுகிறார்கள். தமிழ் வாசிப்பே தடுமாறும் பிள்ளைக்கு, எளிய நடை மொழிபெயர்ப்புகள் கைத்தொலைபேசியில் இலவசமாக உண்டு. ஆனால் கூட்டத்தில் தாள்ப் புத்தகம்தான் நல்லது, இடையில் வட்ஸ்அப் வராது.

எங்கள் தெரிவு: ஒன்றுதான் வாங்கலாம் என்றால் பிள்ளையின் ஆலயத்தில் வாசிக்கப்படுவதையே வாங்குங்கள். குழுவுக்கு மற்றதில் இரண்டு பிரதி போதும். திருவிவிலியம் வாங்கும் கத்தோலிக்கப் பெற்றோர், தோபித்து, மக்கபேயர் முதலிய, பழைய திருப்புதலில் இல்லாத இணைத் திருமுறை நூல்கள் உள்ள பதிப்பா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். அவை பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே தனிப் பகுதியாக இருக்கும்.

சிப் (zip) வைத்த உறை அழகுதான். ஆனால் கடற்காற்றில் உலோகச் சிப் உப்புப் பிடித்து இறுகிவிடும், பிள்ளை இழுத்துப் பிய்க்கும். சாதாரண அட்டை போதும். தாள் மிக மெல்லியது, ஹைலைட்டர் மறுபக்கம் ஊறும். கோடிட நிறப் பென்சில் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.