எஞ்சின் நன்று, போல்ட்தான் பிரச்சினை: என் 150 சிசி வண்டியோடு சில வருடங்கள்

எஞ்சின் விஷயத்தில் இந்த வண்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சென்னை வெயிலிலும் டிசம்பர் மழையிலும் சளைக்காமல் ஓடுகிறது. காலையில் பட்டனைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது, மைலேஜும் குறையவில்லை. சிசி, பவர், டார்க் எல்லாம் வாங்கும்போதே எல்லோரும் பார்த்துவிட்டதுதான், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. இடப்பக்க எஞ்சின் கவரில் போன மரையை (போல்ட் திருகி ஏறும் சுருள் பள்ளத்தை) சரிசெய்துவிட்டு வந்த சூட்டில் எழுதுகிறேன். அதனால் இந்தப் பதிவு முழுக்க போல்ட் பற்றியது.

நடந்தது இதுதான். ஒரு பட்டறையில் மேக்னெட் கவரை, அதாவது அந்த இடப்பக்கக் கவரை, கழற்றினார்கள். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த இந்த மாதிரி எஞ்சின்களில் கவரைப் பிடிக்கும் போல்ட் எல்லாமே எம்6, அதாவது 6 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்). தலைக்கு 8 ஸ்பேனர். ஆனால் நீளம் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். கவர் தடிமனான இடத்தில் நீளமானது, மெலிந்த இடத்தில் குட்டையானது. அதையெல்லாம் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டு, பூட்டும்போது கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறார்கள். குட்டைத் துளையில் போன நீள போல்ட் அடியில் முட்டி நின்றுவிட்டது. ஸ்பேனருக்கு இறுகிய மாதிரி தெரியும், ஆனால் கவர் அழுந்தியிருக்காது. அங்கே கேஸ்கெட் (கவருக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தாள்) ஓரம் ஆயில் கசிந்தது. நீளத் துளையில் போன குட்டை போல்ட் மூன்று நான்கு மரையை மட்டும் கவ்வியிருந்தது. இறுக்கியதும் அலுமினிய மரையைச் சுருள் சுருளாக உரித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

பட்டறைப் பையனிடம் கேட்டதற்கு வந்த பதில்: "எல்லாமே ஆறுதான் சார், எதைப் போட்டாலும் ஏறும்." ஏறும், யார் இல்லை என்றது? பிடிக்க வேண்டாமா? அலுமினியத்துக்குள் போகிற எஃகு போல்ட் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே மரை பிடித்திருக்க வேண்டும், இரண்டு மடங்கு என்றால் இன்னும் நல்லது. எம்6 என்றால் 9 முதல் 12 மி.மீ. நான்கு மரை என்பது 4 மி.மீ.தான்.

அந்தப் பையன் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. வாசலில் வரிசையாக வண்டி நிற்கிறது, ஒரு நாளில் அத்தனையையும் முடித்தாக வேண்டும். இருந்தாலும் ஒரு பழைய அட்டைப்பெட்டியில் கவரின் வடிவத்தை வரைந்து, துளை இருக்கும் இடத்தில் ஓட்டை போட்டு, கழற்றிய போல்ட்டை அதே இடத்தில் குத்தி வைக்க ஐந்து நிமிடம் கூட ஆகாது. அதற்கு நேரமில்லாமல் போனதால் எனக்கு ஆன செலவை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

சரி, புது போல்ட் வாங்கலாம் என்று கிளம்பினால் அது தனி அலைச்சல். பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் இன்னும் நூல் கணக்குதான் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 8 மி.மீ. போல்ட் கேட்டால் "ரெண்டரை நூல் எடுத்துக்கோங்க சார், கரெக்டா உட்காரும்" என்று நீட்டுவார்கள். இரண்டரை நூல் 7.94 மி.மீ., விட்டத்தில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அது அங்குலத்துக்கு 18 மரை, பிட்ச் 1.41 மி.மீ. எம்8-இன் பிட்ச் 1.25. இரண்டு மூன்று சுற்று கையாலேயே போகும், அப்புறம் இறுகும். துரு என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு திருகினால் உள்மரை போச்சு. எஞ்சினில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதைக் கல்லாவில் இருப்பவரிடம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அவர் கிரில் கேட்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போல்ட் விற்கிறவர். அவர் தொழிலுக்கு அவர் சொல்வது சரிதான்.

மில்லிமீட்டரிலேயே கிடைத்தாலும் தலை ஒத்துப்போகாது. கடையில் கிடைக்கும் சாதா எம்6-க்குத் தலை 10, எம்8-க்கு 13, எம்10-க்கு 17. வண்டியில் அவை பெரும்பாலும் 8, 12, 14. கவரில் போல்ட் தலை உட்காரும் பள்ளம் 8 ஸ்பேனர் அளவுக்கே வார்க்கப்பட்டிருப்பதால், 10 தலை போட்டால் ஓரத்தில் உரசும், இல்லாவிட்டால் ரிங் ஸ்பேனர் நுழையாது. எம்10-இல் பிட்சும் மாறுகிறது. ஹார்டுவேர் கடையில் கிடைப்பது 1.5, வண்டியில் இருப்பது பெரும்பாலும் 1.25. கண்ணாடி மாட்டும் இடம் எடுத்துக்காட்டு. அதிலும் பல யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடிக்கு இடது மரை. எதிரே வருவது இடித்தால் உடையாமல் கழன்று திரும்பிக்கொள்ளட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். தெரியாமல் வழக்கமான பக்கம் திருகி மரையைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குப் போனால் கிடைக்காத பொருள் இல்லை என்பது உண்மை. ஆனால் அங்கே வண்டிப் பெயரையும் பாகத்தின் பெயரையும் சொல்லித்தான் வாங்க முடியும். "கவர் போல்ட்" என்றால் செட்டாக ஒரு பாக்கெட் வரும். அதில் எனக்கு வேண்டிய நீளம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கவும் விட மாட்டார்கள். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய போல்ட்டைக் கிளறி எடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே இழுபட்டு நீண்ட போல்ட்டை மறுபடி எஞ்சினில் போட எனக்கு விருப்பமில்லை.

இவ்வளவு எரிச்சலுக்கு நடுவே எதிர்பாராமல் கிடைத்த ஒரு சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். உதிரிபாகப் பட்டியலில் வரும் எண்ணிலேயே போல்ட்டின் அளவு ஒளிந்திருக்கிறது! ஹோண்டாவின் 95701-06020-00 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள 06 விட்டம், 020 நீளம். 6 மி.மீ. விட்டத்தில் 20 மி.மீ. நீளமுள்ள ஃபிளாஞ்ச் போல்ட் (தலைக்கு அடியில் வாஷர் போல விரிந்த விளிம்புள்ளது). 08035 என்று வந்தால் எட்டுக்கு முப்பத்தைந்து. எல்லா எண்ணும் இப்படி இருக்காது, சில இடங்களுக்கென்றே செய்த விசேஷ போல்ட்டுக்கு எண் வேறு மாதிரி ஓடும். ஆனால் சாதாரண போல்ட் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். மற்ற ஜப்பானிய கம்பெனிகளும் ஏறக்குறைய இதே முறையை வைத்திருக்கின்றன. இது தெரிந்த நாளிலிருந்து கவுண்டரில் வண்டிப் பெயரைச் சொல்வதில்லை, எண்ணை எழுதிக் கொடுக்கிறேன். வேறு மாடலுக்கென்று வைத்திருந்த பாக்கெட்டிலிருந்து எனக்கு வேண்டிய போல்ட் வந்தது. பெரிய பெரிய பாகத்தை மாற்றியபோது கூட அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

கையில் பழைய போல்ட் இருந்தால் விட்டம் அளக்க வெர்னியரும் மரையில் வைத்துப் பார்க்கப் பிட்ச் கேஜும் போதும், இரண்டும் சேர்த்து பெரிய விலை இல்லை. எம்6-ஐ அளந்தால் 5.8 அல்லது 5.9 காட்டும், பயப்பட வேண்டாம், வெளிவிட்டம் எப்போதுமே ஒரு மயிரிழை குறைவாகத்தான் இருக்கும். நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து நுனி வரை அளக்க வேண்டும். தலை உள்ளே புதையும் ஸ்க்ரூவுக்கு மட்டும் தலையோடு சேர்த்து அளப்பார்கள். கேஜ் இல்லையா, பழையதையும் புதியதையும் மரையோடு மரை கோர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசியவில்லை என்றால் பிட்ச் ஒன்றுதான்.

தலையில் இருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். 8.8 என்றால் இழுவிசையில் 800 மெகாபாஸ்கல் தாங்கும், அதில் 80 சதவீதமான 640 வரை நிரந்தரமாக நீளாது. எண்ணே இல்லாத கிரில் போல்ட்டுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. பிரேக் காலிபர், டிஸ்க், ஃபுட்ரெஸ்ட் பிடிக்கும் இடங்களுக்கு கம்பெனி போல்ட் தவிர வேறு எதையும் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பளபளப்புக்காக அங்கே ஸ்டெயின்லெஸ் போடுகிறார்கள். வழக்கமான ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450 மெகாபாஸ்கலிலேயே நீள ஆரம்பித்துவிடும். அலுமினியத்தோடு சேர்ந்து கடல்காற்றும் பட்டால் சுற்றியுள்ள அலுமினியம் அரிக்கும். எங்கேயாவது போட்டே ஆக வேண்டும் என்றால் மரையில் ஆன்டிசீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவாமல் போடாதீர்கள்.

வண்டி மேலேயே எனக்குக் கோபம் வரும் ஓர் இடம் உண்டு. முன்பிரேக் ஆயில் டப்பா மூடியில் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ. அவை ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் வந்த வெட்டு, நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர். அது பள்ளத்தின் அடி வரை போய் உட்காராது, திருகினால் எகிறி வெளியே வந்து வெட்டை வழித்துவிடும். பிரேக் ஆயில் மாற்ற வேண்டிய இடத்தில் இப்படி மெத்தென்ற ஸ்க்ரூ வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அறுகோணத் தலை வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

உரிந்த மரைக்கு லேத் பட்டறையில் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரை போட்டுக் கொடுத்தார்கள். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கான டேப் (மரை வெட்டும் கருவி) அடித்து, ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளை உள்ளே இறக்கினால் மறுபடி அதே எம்6. பழைய அலுமினிய மரையை விட இது வலு. சுமார் 10 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கினேன், ஒரு சொட்டு ஆயில் கூட இறங்கவில்லை.

இந்த மாடலில் ஒரு பழைய வண்டியை வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். எஞ்சினைப் பற்றி மேலே எழுதிய அத்தனையும் உண்மை, ஆனாலும் வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அவர் அனுப்பிய படத்தில் இடப்பக்கக் கவரில் ஒரு தலை 8, ஒன்று 10, இன்னொன்று ஆலன் (நடுவில் அறுகோணக் குழி உள்ளது). அந்தத் துளைகளுக்குள் என்ன மிச்சம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? விலையைக் குறைத்துத் தருகிறார்களாம். குறைத்தாலும் வேண்டாம்.